உயிரோடு இருக்க வேண்டிய புருஷன்

“செத்துப்போனவங்க காயிதம் போடுவாங்களாங்க?”

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி அதுதான். பாக்கியமேரி டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வாழைக்காய் மண்டிக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் ஏறி வருவார்கள். எட்டுப் பேர் வாழைத்தார் என்ன விலை என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். இப்படி ஒரு கேள்வியோடு இதுவரை யாரும் வந்ததில்லை.

“போட்டாலும் ஸ்டாம்பு ஒட்ட மாட்டாங்கம்மா. முதல்ல உக்காருங்க” என்றாள் மேரி.

வந்தவள் சிரிக்கவில்லை. வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, மேரியின் முதலாளி அடைக்கலத்தின் மேசைமேல் வைத்தாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை.

அடைக்கலம் பையைத் தொடாமல் அவளையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ரயில் தபாலில் ஓடும் வண்டியில் நின்றபடி கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்றபின் ‘ரகசிய விசாரணை’ என்று போர்டு மாட்டினார். சார் முன்னே தபாலைப் பிரித்தார், இப்போது பிரிகிற குடும்பங்களைப் பார்க்கிறார் என்பது மேரி அடிக்கடி சொல்லும் நக்கல். திருச்சி வக்கீல்கள் அனுப்பும் வழக்குகளில் முக்கால்வாசி புருஷன் பெண்டாட்டி வழக்குதான்.

“வக்கீல் இன்னாசிராஜ் அனுப்பினாருங்களா?”

“ஆமாங்க. பேரு கமருன்னிசா. பாலக்கரை.”

அவள் சொன்ன கதை இது. புருஷன் ஜெகபர் அலி. மலைக்கோட்டைக்குக் கீழே பூட்டுக் கடை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சரிபாதி. ஐம்பத்தேழில் அண்ணன் பினாங்குக்குக் கப்பல் ஏறினான். தம்பி சேக் மைதீன் கடையைப் பார்த்துக்கொண்டான். ஒன்றரை வருஷம் மாசம் தவறாமல் கடிதம் வந்தது. ஐம்பத்தெட்டு ஆகஸ்டோடு நின்றது. பிறகு ஒரு வரி இல்லை, ஒரு மணியார்டர் இல்லை, பினாங்கிலிருந்து வந்தவர்களிடம் கேட்டால் ஒரு தகவல் இல்லை.

“நாலு வருஷம் பார்த்தேங்க. அப்புறம்தான் கோர்ட்டுல மனு போட்டோம்.”

மேரிக்கு அந்தச் சட்டம் தெரியும். வக்கீல் ஆபீசில் ஆறு வருஷம் டைப் அடித்தவள். நாலு வருஷம் புருஷனைப் பற்றி ஒரு சேதியும் இல்லையென்றால் முஸ்லிம் பெண் விவாகரத்து கேட்கலாம். கோர்ட்டும் கொடுக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு ஆறு மாசம் தூங்க வேண்டும். அதற்குள் புருஷனோ, அவன் அதிகாரம் கொடுத்த ஆளோ வந்து, ‘குடும்பம் நடத்தத் தயார்’ என்று கோர்ட்டை நம்பவைத்துவிட்டால் தீர்ப்பு ரத்து.

“பிப்ரவரியில தீர்ப்பு ஆச்சு. மார்ச்சுல முதல் காயிதம் வந்துச்சு. இதுவரைக்கும் அஞ்சு.” கமருன்னிசாவின் குரல் தேய்ந்தது. “என் கொழுந்தன் இப்ப அண்ணன் அதிகாரம் கொடுத்த முக்தியார்னு கோர்ட்டுல எழுதிக் கொடுத்திருக்காரு. அண்ணன் வரப்போறாரு, தீர்ப்பை ரத்து பண்ணுங்கன்னு. வர்ற புதன்கிழமை விசாரணை.”

“உங்களுக்கு என்ன வேணும்?” என்றார் அடைக்கலம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்டக்டர் தொட்டியம், தொட்டியம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

“அந்தி சாயுற மஃரிபு நேரத்துல எங்க வீட்டு நடையில இருமல் சத்தம் கேக்குதுங்க. அவங்க இருமல். அம்மாவுக்குக் கேக்கலை, எனக்குக் கேக்குது. காயிதத்தைப் பிரிச்சா அவங்க தேச்சுக்கிற தைல வாசனை. ராத்திரி ரெண்டு தட்டு வச்சிட்டு ஒண்ணை எடுத்து உள்ள வைக்கிறேன்.” துப்பட்டி முனையை விரலில் சுற்றினாள். “அவங்க மனுஷனா, மய்யித்தா? அது தெரிஞ்சா போதும். உயிரோட இருந்தா நானே மனுவை வாபஸ் வாங்கிடுவேன்.”

பாக்கியமேரி வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்வாள். அவளுடைய புருஷனும் எட்டு வருஷத்துக்கு முன் கொழும்புக்குப் போனவன்தான். தனியாகப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கிறிஸ்தவச் சட்டத்தில் மனைவி துரோகம் செய்தால் அது ஒன்றே புருஷனுக்குப் போதும். புருஷன் துரோகம் செய்தால் அதோடு கொடுமையோ கைவிட்டதோ இன்னொன்றையும் மனைவி சேர்த்து நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் கோயில் ஒப்புக்கொள்ளாது. எனவே அவள் இன்னும் திருமதி. இன்றைக்கு அவள் துணிப்பையை அடைக்கலத்தின் பக்கம் நகர்த்தினாள்.

அடைக்கலம் ஐந்து உறைகளையும் வரிசையாகப் பரப்பினார். பினாங்கு முத்திரை, மலாய் ஸ்டாம்பு, எல்லாம் அசல். முகவரி டைப் அடித்திருந்தது. உள்ளே நாலு நாலு பக்கம் கையெழுத்து.

“பாலக்கரை வீட்டுக்கு எப்ப குடிவந்தீங்கம்மா?”

“எங்க அத்தா மவுத்தானப்புறம். அறுபத்தொண்ணுல.”

“அதுக்கு முன்னாடி வந்த காயிதமெல்லாம்?”

“கடை விலாசத்துக்கு வரும். பொம்பளை பேருக்குத் தபால் வந்தா தெருவுல பேசுவாங்கன்னு.”

அடைக்கலம் மூன்றாவது கடிதத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். மேரி எட்டிப் பார்த்துப் படித்தாள்: ‘மாமாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது. அனுப்புகிறேன் என்று சொல்.’

“நீங்க வீடு மாறினது உறைக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க அத்தா காலமானது காயிதத்துக்குத் தெரியலை” என்றார் அடைக்கலம். “வீடு மாறினதே அதனாலதான். ஒண்ணைச் சொன்னவன் இன்னொண்ணைச் சொல்லாமலா இருப்பான்? உறையை எழுதினவன் வேற.”

“அப்ப காயிதம் கள்ளக் காயிதம்” என்றாள் மேரி.

“இல்லீங்க!” கமருன்னிசா சட்டென்று குனிந்து கடிதங்களை வாரி எடுத்துக்கொண்டாள். “இது அவங்க எழுத்து. ‘கமரு’ன்னு என்னைக் கூப்பிட்டது அவங்க ஒருத்தர்தான், அதுவும் அறைக்குள்ள. ரெண்டாவது காயிதத்துல, கல்யாண ராத்திரி நான் அழுததுக்கு என்ன காரணம் சொன்னேன்னு எழுதியிருக்காங்க. அது இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.”

அடைக்கலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறை பொய், கடிதம் நிஜம்.

“உங்க நிக்காவுல புருஷன் உங்களுக்குத் தரவேண்டிய மஹர் என்னன்னு எழுதினாங்க?”

“கடைக் கட்டடத்துல அவங்க பாதி. விவாகரத்து ஆனாலோ, அவங்க மவுத்தானாலோ எனக்குச் சேரணும்னு.”

“தம்பிக்கு ரொம்பச் சிக்கலான அண்ணன்” என்று முணுமுணுத்தாள் மேரி. “உயிரோடவும் இருக்கணும், புருஷனாவும் இருக்கணும். ஆனா ஊருக்கு மட்டும் வந்துடக் கூடாது.”

●

சேக் மைதீன் பார்க்கச் சாதுவாக இருந்தான். மலைக்கோட்டை நிழல் விழும் சந்தில், கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூட்டுகள் தொங்கும் கடை. வக்கீலிடமிருந்து வருகிறோம் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீக்குச் சொல்லியனுப்பினான்.

“மதினி எங்களுக்குத் தாய் மாதிரிங்க. ஏதோ கோவத்துல கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அண்ணன் வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்.”

“எப்ப வர்றாரு?” என்றார் அடைக்கலம்.

“ரெண்டு மாசத்துல கப்பல் ஏறிடுவாரு.”

“உங்களுக்குக் காயிதம் போடுவாரா?”

“எப்பவாச்சும்.”

“பொண்டாட்டிக்கு அஞ்சு, தம்பிக்கு எப்பவாச்சும்” என்றாள் மேரி. “நல்ல மனுஷன்தான்.”

சேக் மைதீன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது. முக்தியார் பத்திரத்தை எடுத்துக் காட்டினான். கப்பல் ஏறுவதற்கு முன் நாகப்பட்டினத்தில் ஜெகபர் அலி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அசல் பத்திரம்தான். அடைக்கலம் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கிளம்பும்போது ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, ஒரு சின்னப் பூட்டு வாங்கி, சீட்டு எழுதித் தரச் சொன்னார்.

சந்து திரும்பியதும் மேரி கேட்டாள்: “திருட ஒண்ணுமே இல்லாத ஆபீசுக்குப் பூட்டு எதுக்கு சார்?”

“அவன் கையெழுத்து வேணும்.”

“அண்ணன் எழுத்து மாதிரி இருக்கான்னு பார்க்கவா? இல்லவே இல்லை. அது முத்து முத்தா இருக்கு. இது கோழி கிளறினாப்பல.” சீட்டைத் திருப்பிப் பார்த்தவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கைவண்டிக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

“சார், இதோட மேல் வரியைப் பாருங்க.”

சீட்டின் உச்சியில் 786 என்று எழுதியிருந்தது. அதே வரியில், பக்கத்திலேயே தேதி.

“ஒரு பூட்டு விக்கிற சீட்டுக்கே இறைவன் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிற குடும்பம். அந்த அஞ்சு காயிதத்துலயும் 786 இருந்துச்சா?”

அடைக்கலம் அங்கேயே ஒரு ஜவுளிக்கடை வாசல் ஓரமாக ஒதுங்கினார். கமருன்னிசா அரைமனதாகக் கொடுத்தனுப்பிய பையைத் திறந்து கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எதிலும் 786 இல்லை. எல்லாம் ‘அன்புள்ள கமருவுக்கு’ என்றே தொடங்கின. இடது ஓரம், வலது ஓரம், கீழ் ஓரம் எல்லாம் ஆலையில் வெட்டிய நேர்க்கோடு. மேல் ஓரம் மட்டும் கத்தரி போன கோணல்.

“கடவுளை வெட்டணும்னு வெட்டலை” என்றார் மெதுவாக. “பக்கத்துல இருந்த தேதியை வெட்டினான். கூடவே அவரும் போயிட்டாரு.”

“அப்ப இதெல்லாம் பழைய காயிதமா?”

“எவ்வளவு பழசுன்னு தெரியணும். ஆளு இப்ப எங்கன்னும் தெரியணும்.” நாலாவது கடிதத்தைப் பிரித்து ஒரு பத்தியை அவளிடம் நீட்டினார். “தேதியை வெட்டினவன் நடுப்பக்கத்தைச் சரியாப் படிக்கலை.”

‘சளிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அங்கே ரைட்டர் ராமபத்ரன் என்று ஒரு அய்யங்கார். ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதிக்காரராம். நம் ஊர்ப் பேச்சைக் கேட்பதற்காகவே மருந்து வாங்கிய பிறகும் அவர் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அடுத்த வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விடுவாராம். பொறாமையாக இருக்கிறது.’

●

ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆடி முடியப்போகிற ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேரி ஜன்னலோரம் உட்கார்ந்து மிச்சக் கடிதங்களைப் படித்தாள். படிக்கக் கூடாத கடிதங்கள். ஒருவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, கமரு, நீ ஏன் எழுதுவதில்லை, என்மேல் கோபமா, என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் எழுதவில்லை என்று அவன் நினைத்திருக்கிறான். அவன் எழுதவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பூட்டுக் கடை.

“சார், முதல் காயிதத்துல பெருநாளைப் பத்தி ஒரு வரி இருக்கு. ‘நேற்றுப் பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. ஒரே நாளில் இரண்டு குத்பா கேட்டேன்.’”

“ஆமா. மார்ச்சுல வந்த காயிதம். பொருத்தமா இருக்கட்டும்னுதான் பெருநாள் முடிஞ்ச கையோட இதை முதல்ல அனுப்பியிருக்கான்.”

“இந்த வருஷம் பெருநாள் செவ்வாய்க்கிழமை சார்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“பக்கத்து வீட்டு மஜீதா அக்கா பிரியாணி கொடுத்தனுப்பினாங்க. மறுநாள் விபூதிப் புதன், தவசு காலம் ஆரம்பம், நாப்பது நாளைக்குக் கறி கிடையாது. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். செத்தாலும் மறக்க மாட்டேன்.”

அடைக்கலம் முதல்தடவையாகச் சிரித்தார். பினாங்கில் பிறை ஒரு நாள் முன்னே பின்னே தெரியலாம். நாலு நாள் தெரியாது.

வடக்கு உத்தர வீதியில் ராமபத்ரனின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மலாய்க்காரர் வீடு என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டினார்கள். திருமண்ணும் வெள்ளை மீசையுமாக வந்து கதவைத் திறந்தார். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை.

“வாங்கோ, வாங்கோ. பினாங்கு ஆஸ்பத்திரி விஷயமா? அடியேன் வந்தே மூணு வருஷம் ஆச்சே.”

“ஜெகபர் அலின்னு ஒருத்தர். திருச்சிக்காரர். இப்ப அவர் அங்க எந்த விலாசத்துல இருப்பாருன்னு கேக்க வந்தோம்” என்று அடைக்கலம் உரக்கச் சொன்னார்.

பெரியவர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டார். தப்பாகக் கேட்டுவிட்டதோ என்பதுபோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“விலாசமா? என்ன ஸ்வாமி கேக்கறேள்? அவரை அடக்கம் பண்ணின அன்னிக்கு அடியேன் கூடவே போனேனே. எங்காத்து மனுஷாளுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாளோன்னு நெனைச்சேன், ஆனாலும் போனேன். ஊர்க்காரா வேற யார் இருக்கா அங்க?”

கூடத்துக் கடிகாரம் அடித்து ஓய்ந்தது. மேரியின் கையில் கடிதங்கள் கனத்தன. வழியெல்லாம் அவள் காதில் பேசிக்கொண்டிருந்த குரல் அது.

“எப்பங்க?” என்றாள்.

“ஐம்பத்தொன்பது ஆகஸ்ட் பதினொண்ணு. நெஞ்சில சளி முத்திப்போச்சு. கடைசி வாரம் பூரா, ‘சாமி, எனக்கு ஊர்லேர்ந்து தபால் வந்துதா’ன்னு ஒரே கேள்விதான். பரமபதிச்சார்னு சொன்னா அவா வேதத்துல ஒத்துப்பாளோ என்னமோ, எனக்கு வேற வார்த்தை தெரியலை.”

“அந்த வருஷம் பெருநாள் என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்குங்களா?”

“வெள்ளி. அவர்தான் வந்து சொன்னார், ரெண்டு பிரசங்கம்னு.”

“வீட்டுக்குத் தகவல்?”

“அடியேனே தந்தி அடிச்சேன், கடை விலாசத்துக்கு. பதிலும் வந்துது. நாப்பது வருஷம் ரைட்டர் உத்தியோகம் பார்த்தவன், எதையும் எறிய மனசு வராது.” உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். காகிதங்களைப் புரட்டி, ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

கோழி கிளறின எழுத்து. உச்சியில் 786. பக்கத்தில் தேதி, 24-8-59.

‘அண்ணன் மவுத்தான தந்தி கிடைத்தது. பெட்டி படுக்கையைக் கப்பலில் அனுப்பவும். மதினிக்கு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். தாங்கள் அவர்களுக்கு எழுத வேண்டாம். சேக் மைதீன்.’

“ஊர் திரும்பினதும் அந்தப் பொண்ணைப் போய்ப் பார்க்கணும்னு நெனைச்சேன்” என்றார் ராமபத்ரன். “துக்கம் ஆறியிருக்கும், கிளறுவானேன்னு விட்டுட்டேன். ஏன், அவளுக்குத் தெரியாதா?”

மேரி தெரியாது என்று தலையாட்டினாள். பெரியவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அடைக்கலம் வழக்கைச் சொல்லி முடித்ததும், புதன்கிழமை எத்தனை மணிக்குக் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

●

பாலக்கரை வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொல்லி முடிந்திருந்தது. நடையில் விளக்கு ஏற்றவில்லை. கமருன்னிசா கதவைத் திறந்தபோது மேரி முதலில் பார்த்தது அவள் கைகளைத்தான். இரண்டு உள்ளங்கையிலும் புது மருதாணி.

“சொல்லுங்க” என்றாள். “எப்ப வர்றாங்க?”

இதை மேரிதான் சொன்னாள். நல்ல வார்த்தை தேடாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். காயிதமெல்லாம் அவர் எழுதினதுதான்; ஆனால் அம்பத்தெட்டு, அம்பத்தொன்பதில் எழுதினது. அவர் கடைக்கு அனுப்ப அனுப்பக் கொழுந்தன் பிரித்து வைத்துக்கொண்டான். உங்க காயிதத்தையும் அவன்கிட்டதானே தபாலில் போடக் கொடுத்தீங்க? அதுவும் போகவில்லை. ஐந்தாவதாக வந்த, ஆனால் முதலில் எழுதின காயிதத்தில் ஊருக்கு வந்து தன் பாதியை உங்க பேருக்கு எழுதிவைத்துவிட்டு, உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறார்; அதைப் படித்த பிறகுதான் கொழுந்தன் மறைக்கத் தொடங்கினான். அதற்குள் அம்பத்தொன்பது ஆகஸ்டு பதினொண்ணில் அவர் காலம் முடிந்துவிட்டது.

கமருன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “இன்னா லில்லாஹி” என்று தொடங்கியவளுக்கு மீதி வரவில்லை. பிறகு விரலை மடக்கி எதையோ எண்ண ஆரம்பித்தாள்.

“ஆகஸ்டு பதினொண்ணு. நாலு மாசம் பத்து நாள். டிசம்பர்ல முடிஞ்சிடுது.” நிமிர்ந்து மேரியைப் பார்த்தாள். “புருஷன் மவுத்தானா பொண்டாட்டி இத்தா இருக்கணும். அந்த நாலு மாசம் பத்து நாளும் அலங்காரம் கூடாது, வெளிவாசல் போகக் கூடாது. அது மவுத்தான நாள்லேர்ந்தே ஓடும். எனக்குத் தெரியாமலே தொடங்கி, தெரியாமலே முடிஞ்சுபோச்சு.”

“கமருன்னிசா…”

“அந்த நவம்பர்ல என் தங்கச்சி கல்யாணம். ரோசாக் கலர் பட்டு கட்டிக்கிட்டு, தலை நிறையப் பூ வச்சிக்கிட்டு நின்னேன். வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன், ‘அந்த மனுஷன் என்னை மறந்துட்டாரு, அவரு நல்லா இருப்பாரா’ன்னு.”

அடைக்கலம் நடையிலேயே தரையில் உட்கார்ந்தார். விளக்கை ஏற்றச் சொன்னார். கடிதங்களை எடுத்து, உள்ளே இருந்த சேதிகளை வைத்து, மழை எப்போது, பெருநாள் எப்போது, இருமல் எப்போது முற்றியது என்று பார்த்துப் பார்த்து, எழுதப்பட்ட வரிசையில் அடுக்கி அவள் முன்னால் வைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அவள் அதைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்: “என் மனுவுல அவங்களைப் பத்தி என்ன எழுதியிருக்குங்க?”

மேரிக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட மனுவை நூறு தடவை டைப் அடித்திருக்கிறாள். “‘எதிர்மனுதாரர் மனுதாரரைக் கைவிட்டு, ஜீவனாம்சம் கொடாமல், இருக்குமிடம் தெரியாமல் போய்விட்டார்.’”

“அதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றாள் கமருன்னிசா.

●

புதன்கிழமை கோர்ட்டில் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

வக்கீல் இன்னாசிராஜ் அதிகம் பேசவில்லை. “கடிதங்கள் இந்த வருஷம் எழுதப்பட்டவையா?” என்றார். சேக் மைதீன், ஆமாம் என்றான். “இந்த வருஷம் பெருநாள் என்ன கிழமை?” செவ்வாய் என்றான். வக்கீல் முதல் கடிதத்தின் வரியைப் படித்தார். சேக் மைதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பினாங்கில் பிறை முன்னாலேயே தெரியும் என்றான்.

“ஒரேயடியா நாலு நாள் முன்னாடியா?”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் அந்தக் கார்டை நீட்டினார். சேக் மைதீன் அதை வாங்கவில்லை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் திருமண்ணோடு எழுந்து நின்ற முதியவரைப் பார்த்தான். பினாங்கிலிருந்த கூட்டாளிக்குப் பழைய கடிதங்களை அனுப்பி, புது உறையில் போட்டு அங்கிருந்து தபாலில் அனுப்பச் சொன்னதைத் திக்கித் திக்கி அவனே சொன்னான். அண்ணனின் பங்கு கைவிட்டுப் போனால் கடை இல்லை, கடை இல்லாவிட்டால் நான் யாருமில்லை என்றான். அது ஒன்றுதான் அவன் அன்று சொன்னதில் உண்மையாகக் கேட்டது.

முக்தியார் கொடுத்தவர் இறந்த நாளோடு முக்தியாரும் செத்துவிட்டது என்றார் நீதிபதி. சேக் மைதீனின் மனு தள்ளுபடி. பொய்ச் சாட்சியம் பற்றித் தனியாக நடவடிக்கை. இறந்தவர்மேல் கொடுத்த விவாகரத்துத் தீர்ப்புக்கும் உயிரில்லை, கமருன்னிசா விதவை. மஹர் முதலில் அவளுக்குச் சேரும், மிச்சமுள்ளதில் மனைவியின் பங்கும் சேரும் என்று வக்கீல் அவளிடம் தாழ்ந்த குரலில் விளக்கினார். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுந்து நின்றாள்.

“ஒண்ணு சொல்லணும்ங்க.”

நீதிபதி பேனாவை மூடப் போனவர் நிமிர்ந்தார். “சொல்லுங்கம்மா.”

“என் மனுவுல அவங்க என்னைக் கைவிட்டுட்டாங்கன்னு இருக்கு. அது பொய்ங்க. தெரியாமச் சொன்னேன், ஆனா பொய்தான். அதை அழிச்சிட முடியுங்களா?”

“கோர்ட் ரிக்கார்டை அழிக்க முடியாதும்மா.”

“அப்பன்னா அதுக்குக் கீழயே இதையும் எழுதிக்கச் சொல்லுங்க.” அவள் துப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். “அவங்க என்னைக் கைவிடலை. மூச்சு இருக்கிற வரைக்கும் எனக்கு எழுதிக்கிட்டுதான் இருந்தாங்க. நான்தான் படிக்கலை.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பாக்கியமேரி, பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கிளார்க் பக்கம் திரும்பினார்.

“அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்க” என்றார். “ஒரு வார்த்தை விடாம.”